அக்காவுக்குக் கொடுத்த மூணு அட்டை மாத்திரை

இதைப் படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. உங்க ஹாஸ்டல் ரூம் டிராயரையோ வீட்டு அலமாரியையோ திறந்து பாருங்க. பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒண்ணாவது கிடக்கும். காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை எல்லாம் இருக்கட்டும். முகப்பருவுக்குச் சாப்பிடுற கேப்சூல் இருக்கான்னு மட்டும் பாருங்க. பிராண்ட் பேரு எதுவா இருந்தாலும் பின்பக்கம் சின்ன எழுத்தில் ஐசோட்ரெட்டினோயின் என்று இருக்கும். இருந்தால் எடுத்து மேஜை மேல் வையுங்க. கடைசியில் அதைப் பற்றிப் பேசலாம்.

நான் கெமிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருஷம். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். பன்னிரண்டாவது தமிழ்ப் பரீட்சைக்குப் பிறகு தமிழில் நான் எழுதும் முதல் நீளமான விஷயம் இதுதான். ஒற்றுப்பிழை இருந்தால் எடிட்டர் டீமைத் திட்டுங்க, என்னை விட்டுடுங்க. தமிழில் எழுத ஒரே காரணம், இதை என் அக்கா படிக்கணும்.

எங்க வீடு மீஞ்சூரில். அம்மா பிறந்த ஊர் காட்டுப்பள்ளி. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றுக் கழியும், நடுவில் நீளமா ஒரு மணல் திட்டு. அதுதான் ஊர். பெரியப்பா இன்னும் கழியில் வலை போடுகிறார். இப்போது அங்கே துறைமுகம் இருக்கு, கப்பல் கட்டுற தளம் இருக்கு, 2010-இல் திறந்த கடல்நீர் ஆலை இருக்கு. அந்த ஆலை ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தயாரிக்கிற அளவுக்குக் கட்டினது. தெற்கே பார்த்தால் எண்ணூர் காமராஜர் துறைமுகம், அனல் மின் நிலையங்களின் புகைபோக்கி. எங்க அப்பா இந்தப் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் ஆபரேட்டர். என் செமஸ்டர் ஃபீஸ் அந்தச் சம்பளத்தில்தான் கட்டுறோம். அதனால் புகைபோக்கியைப் பார்த்து வெறும் கோபம் மட்டும் பட எனக்கு வசதியில்லை.

சரி, மாத்திரைக் கதைக்கு வருவோம்.

கையெழுத்து

மூணாவது வருஷம் என் முகம் முழுக்கப் பரு. கன்னம், நெற்றி, தாடை, ஒரு இடம் பாக்கியில்லை. ஸ்கின் டாக்டரிடம் போனேன். இதே கேப்சூல்தான் எழுதினார். எழுதுறதுக்கு முன்னாடி, "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளைக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். இந்த மருந்து சாப்பிடும் காலத்திலும், நிறுத்திய பிறகு ஒரு மாதம் வரைக்கும் கர்ப்பம் தரிக்கக் கூடாது, இதை யாருக்கும் பகிரக் கூடாது என்று அதில் இருந்தது. நான் டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸுக்கு டிக் அடிக்கிற மாதிரி கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன்.

உதடு வெடிச்சுது, கண் காய்ஞ்சுது, ஆனால் பரு போயிடுச்சு. கோர்ஸ் முடிந்தபோது மூணு அட்டை மிச்சம். அட்டைக்குப் பத்து.

போன ஆகஸ்டில் அக்கா கேட்டாள். செப்டம்பர் முதல் வாரம் கல்யாணம். தாடையில் நாலு பரு, போட்டோ ஷூட் வேற இருக்கு. "உனக்கு டாக்டர் என்னமோ குடுத்தாரே, மீதி இருக்காடீ?"

கொடுத்தேன். "தினம் ஒண்ணு, சாப்பிட்டுட்டுப் போடு" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. மறைக்கணும்னு இல்லைங்க. அந்தத் தாள் எனக்கு ஞாபகமே வரலை.

டிசம்பர் முதல் வாரம், ராத்திரி எட்டரை மணி. மெஸ்ஸில் இருந்து திரும்பும்போது அக்கா போன். "யார்கிட்டயும் சொல்லாத. நாள் தள்ளிப் போயிருக்கு. கிட்ல ரெண்டு கோடு." நான் காரிடாரில் கத்தினதில் பக்கத்து ரூம் கதவெல்லாம் திறந்தது. சித்தி ஆகப் போறேன்னு எல்லாருக்கும் சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். ரூமுக்கு வந்து முகம் கழுவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். பரு இல்லாத முகம். அப்போதான் அந்தத் தாள் ஞாபகம் வந்தது.

அன்றைக்கு ராத்திரி நான் படித்ததைத்தான் இப்போ உங்களுக்குச் சொல்லப் போறேன்.

ஹீட்டரும் கூலரும்

வைட்டமின் ஏ என்றால் நமக்கு என்ன தெரியும்? கேரட், முருங்கைக்கீரை, மாலைக்கண். சின்ன வயசில் அங்கன்வாடியில் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்பூனில் ஊற்றின சொட்டு மருந்து. அதன் அருமை சாதாரணமானது இல்லை. திருச்சி மாவட்டத்தில் 15,000-க்கும் மேற்பட்ட சின்னக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 1990-இல் வெளியானது. வாரா வாரம் கொஞ்சமாக வைட்டமின் ஏ கொடுத்த குழந்தைகளிடம் இறப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அப்படிப்பட்ட நல்ல பொருள். அதனால்தான் இது ஆபத்தாகவும் ஆகும் என்பது தலையில் ஏற நேரமாச்சு.

1933-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஃப்ரெட் ஹேல் என்பவர் ஒரு பெண் பன்றிக்கு வைட்டமின் ஏ இல்லாத தீனி கொடுத்து வளர்த்தார். அது 11 குட்டி போட்டது. பதினொன்றுக்கும் கண் விழியே இல்லை. பிறகு நல்ல தீனி கொடுத்ததும் பிறந்த குட்டிகளுக்குக் கண் சரியாக இருந்தது. அம்மாவின் உடம்பில் ஒரு பொருள் குறைந்தால் கருவின் உறுப்பே உருவாகாமல் போகும் என்று காட்டிய ஆரம்ப கால ஆய்வுகளில் இது முக்கியமானது. இருபது வருஷம் கழித்து, எலிகளில், வைட்டமின் ஏ அளவுக்கு மேல் போனாலும் கருவில் குறை வரும் என்று தெரிந்தது. குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு.

ஏன்? இன்ஜினியரிங் பசங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்றேன். ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கங்க. ஒரு முனையில் ஹீட்டர், மறுமுனையில் கூலர். கொஞ்ச நேரத்தில் கம்பி முழுக்க ஒரு டெம்பரேச்சர் கிரேடியன்ட் வந்துவிடும். இப்போ உங்க கண்ணைக் கட்டிட்டுக் கம்பியில் ஏதோ ஒரு இடத்தைத் தொடச் சொன்னால், சூட்டை வைத்தே "நான் நடுவில் இருக்கேன்", "நான் ஓரத்தில் இருக்கேன்" என்று சொல்லிடலாம்.

கருவிலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்குது. உடம்பு வைட்டமின் ஏ-வை ரெட்டினோயிக் அமிலமாக மாற்றுகிறது. அதைத் தயாரிக்கிற என்சைம் கருவின் நடு உடம்பில் இருக்கு. அதை அழிக்கிற இன்னொரு என்சைம் தலைப்பக்கமும் வால்பக்கமும் இருக்கு. அதனால் ஒரு இடத்தில் அளவு அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. ஒவ்வொரு செல்லும் தன்னிடம் வருகிற அளவைப் படித்து, தான் எங்கே இருக்கிறோம், எந்த ஜீன்களைப் போடணும், எதை அணைக்கணும் என்று முடிவு செய்கிறது. பின்மூளை, இதயம், காது, தாடை, கண், கை கால் எல்லாவற்றுக்கும் இந்த முகவரி வேணும்.

முகவரி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம நாட்டிலேயே ஒரு சோதனை நடந்திருக்கு. புவனேஸ்வரில் பிரியம்வதா மொஹந்தி ஹெஜ்மாடியும் அவருடைய குழுவும் தவளைத் தலைப்பிரட்டைகளின் வாலை வெட்டி, வைட்டமின் ஏ கலந்த தண்ணீரில் வைத்தார்கள். சாதாரணமாக வெட்டின இடத்தில் வால்தான் திரும்ப முளைக்கும். இங்கே வால் இருக்க வேண்டிய இடத்தில் கால்கள் முளைத்தன. 1992-இல் நேச்சர் இதழில் வந்தது.  செல்லுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது மட்டும் தப்பாகப் போயிருந்தது.

இதைப் படித்தபோதுதான் "விஷம்" என்ற வார்த்தையை நான் எவ்வளவு சின்னதாகப் புரிந்து வைத்திருந்தேன் என்று தெரிந்தது. விஷம் என்றால் கொல்லணும், எரிக்கணும், நாறணும் என்று நினைத்திருந்தேன். கருவில் குறை வர அது எதுவும் தேவையில்லை. அந்தக் கம்பியைக் கெடுக்க நாலு வழி இருக்கு.

ஒண்ணு, ஹீட்டரை அணைக்கலாம். நைட்ரோஃபென் என்று ஒரு களைக்கொல்லி. ரெட்டினோயிக் அமிலம் தயாரிக்கிற என்சைமை அது தடுக்கும். கர்ப்பமான எலிக்கு ஒன்பதாம் நாள் கொடுத்தால் குட்டியின் உதரவிதானத்தில் ஓட்டை விழும், குடல் மேலே நெஞ்சுக்குள் ஏறிவிடும், நுரையீரல் வளர இடம் இருக்காது. இன்றைக்கும் அந்த நோயை ஆராய்கிறவர்கள் எலிக்கு இதைத்தான் கொடுக்கிறார்கள். இந்தியாவில் தடை செய்யப்பட்ட பூச்சிமருந்துப் பட்டியலில் நைட்ரோஃபென் இருக்கு.

ரெண்டு, கூலரை அணைக்கலாம். அசோல் வகைப் பூஞ்சைக்கொல்லிகள் சில, அதிக அளவில், எலிக் கருக்களில் ரெட்டினோயிக் அமிலத்தின் சமநிலையைக் குலைப்பதாகச் சோதனைச்சாலை ஆய்வுகள் சொல்கின்றன.

மூணு, கம்பியின் நடுவில் நேராகத் தீயைப் பிடிக்கலாம். அதுதான் ஐசோட்ரெட்டினோயின். அது ரெட்டினோயிக் அமிலத்தின் இன்னொரு வடிவமேதான். 1982-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1985-இல் வந்த ஆய்வில், இந்த மருந்து உடம்பில் இருக்கும்போது கர்ப்பமாகி, கர்ப்பத்தைத் தொடர்ந்த 59 பேரின் கணக்கு இருக்கு. 12 பேருக்குக் கரு கலைந்தது. 21 குழந்தைகளுக்குக் குறை இருந்தது. சின்னக் காது, காதே இல்லாமை, இதயக் கோளாறு, மூளை வளர்ச்சிக் கோளாறு. 26 குழந்தைகளுக்குப் பெரிய குறை எதுவும் இல்லை.

நாலாவது வழி, எரிபொருள் டேங்கைக் காலி பண்றது. அதற்குப் பிறகு வருகிறேன்.

21, 26, 12. அந்த மூணு நம்பரையும் நான் எத்தனை தடவை பார்த்தேன்னு தெரியாது. இன்னொரு விஷயம் அதைவிட பயமுறுத்தியது. உறுப்புகளின் அடிப்படை உருவாவது கரு தரித்த மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை. நாள் தள்ளிப் போச்சுன்னு ஒரு பொண்ணுக்குத் தெரியும்போதே கருவுக்கு ரெண்டு வாரம் ஆகியிருக்கும். கிட் வாங்கி, வீட்டுக்காரரிடம் சொல்லி, டாக்டரைப் பார்க்க நல்ல நாள் பார்க்கிறதுக்குள் இதயம் துடிக்க ஆரம்பித்துவிடும். அதாவது, ஜாக்கிரதையாக இருக்கணும்னு தெரிகிற நேரத்தில் பாதி வேலை முடிஞ்சிருக்கும்.

கணக்கு

ராத்திரி பதினொரு மணிக்கு அக்காவுக்குத் திரும்பப் போன் பண்ணினேன்.

"க்கா, நான் குடுத்த மாத்திரை எப்போ நிறுத்தின?"

"எந்த மாத்திரை?"

"பருவுக்கு."

"அது கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்திட்டேனே. உதடு உரிஞ்சு லிப்ஸ்டிக்கே நிக்கல. ஏன்டீ?"

ஏன் என்று சொன்னேன். அழாமல் சொல்லணும்னு நினைச்சேன், முடியலை. அக்கா கொஞ்ச நேரம் பேசலை. பிறகு, "நான் டேட் பாக்குறேன் இரு" என்றாள். ஆகஸ்ட் 8-இல் ஆரம்பித்தது, செப்டம்பர் 3-இல் நிறுத்தியது. கடைசி பீரியட்ஸ் அக்டோபர் 25. கரு தரித்தது நவம்பர் 8 வாக்கில் இருக்கும். நடுவில் 66 நாள். தாளில் இருந்தது ஒரு மாதம். நான் மூச்சு விட்டேன்.

ஆனா நமக்கு லேப் ரெக்கார்டு எழுதின பழக்கம் இருக்கே, சரிபார்க்காமல் விட மாட்டோமே. 27 நாள், 27 மாத்திரை. 30-இல் மூணு மிச்சம் இருக்கணும். "அட்டையை போட்டோ எடுத்து அனுப்பு" என்றேன். போட்டோ வந்தது. ஒண்ணுதான் இருந்தது.

ரெண்டு மாத்திரை எங்கே? தீபாவளி சமயத்தில் மறுபடி பரு வந்து போட்டிருந்தால்? அப்போ 66 நாள் இல்லை, பதினைந்து இருபது நாள்தான். அக்காவுக்கு ஞாபகம் வரலை. "நான் போட்ட மாதிரி இல்லையே... இல்ல போட்டேனோ..." என்றாள். போனை வைத்துவிட்டாள். அந்த முக்கால் மணி நேரத்தை நான் விவரிக்கப் போறதில்லை.

பன்னிரண்டு மணிக்கு மேல் திரும்பக் கூப்பிட்டாள். "என் நாத்தனா எடுத்தாளாம். தீபாவளிக்கு வந்தப்ப மூஞ்சில பரு இருக்குன்னு கேட்டா, எடுத்துக்கோன்னு சொல்லிருக்கேன். ரெண்டு போட்டுட்டு ஒதடு வெடிக்குதுன்னு விட்டுட்டாளாம்." அந்தப் பொண்ணு காலேஜ் முதல் வருஷம்.

மறுநாள் அக்கா டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நிறுத்தி ரெண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கு, மருந்து உடம்பை விட்டுப் போயிருக்கும், பயப்பட வேண்டாம் என்றார். போன மாதம் உறுப்பெல்லாம் பார்க்கிற ஸ்கேன் எடுத்தார்கள். காது ரெண்டும் இருந்தது, இதயத்தில் நாலு அறையும் இருந்தது. சித்திரையில் வளைகாப்பு.

என்னிடமிருந்து அக்காவுக்கு, அக்காவிடமிருந்து நாத்தனாருக்கு. மாத்திரை கை மாறிக்கொண்டே போனது. டாக்டர் எனக்குக் கொடுத்த எச்சரிக்கை மட்டும் என்னோடவே நின்றுவிட்டது.

லேபிள் இல்லாதது

ஸ்கேன் நல்லபடியா வந்த பிறகும் எனக்குத் தூக்கம் சரியா வரலை. அந்த ராத்திரி நான் கணக்குப் போட முடிந்ததே எப்படி என்று யோசித்தேன். மருந்தின் பெயர் தெரியும். எத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் இருக்கு. எத்தனை சாப்பிட்டாள் என்று எண்ணலாம். அதன் ஹாஃப் லைஃப் ஒரு நாள் அளவுதான். முப்பது நாளில் முப்பது தடவை பாதியாகும். 2-இன் 30-ஆவது அடுக்கு கால்குலேட்டரில் போட்டுப் பாருங்க, நூறு கோடியில் ஒரு பங்கு கூட மிச்சம் இருக்காது. இது உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த, லேபிள் ஒட்டின ஆபத்து. அதையே நான் கோட்டை விட்டேன்.

இப்போ நாலாவது வழிக்கு வரேன். டையாக்சின்கள். இதை யாரும் வேணும்னு தயாரிக்கிறதில்லை. குளோரின் இருக்கிற பொருள், முக்கியமாக பி.வி.சி. பிளாஸ்டிக், சரியாக எரியாமல் புகையும்போது தானாக உண்டாகிறது. கல்லீரலில் சேமித்து வைத்திருக்கிற வைட்டமின் ஏ-வை இது காலி பண்ணும் என்று எலிகளில் 1970-களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கர்ப்பமான சுண்டெலிக்குக் கொடுத்தால் குட்டிக்கு அண்ணப்பிளவு வரும். வேடிக்கை என்னவென்றால், ரெட்டினோயிக் அமிலம் அதிகமானாலும் சுண்டெலிக்கு அதே அண்ணப்பிளவுதான். 1989-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். தனித்தனியாகக் கொடுத்ததைவிடச் சேர்த்துக் கொடுத்தபோது அண்ணப்பிளவு மிக அதிகமாக வந்தது.

இதன் ஹாஃப் லைஃப்? டையாக்சின்களில் மிக மோசமானதற்கு, மனித உடம்பில், ஏழு வருஷத்துக்கும் மேல். அக்காவுக்கு நான் போட்ட 30 நாள் கணக்கை இதற்குப் போட்டால் 200 வருஷத்தைத் தாண்டும்.

இது ஏதோ வெளிநாட்டுக் கதை இல்லை. ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கைச் சுற்றி வாழ்ந்த தாய்மார்களின் தாய்ப்பாலைச் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். கிடங்கிலிருந்து தள்ளி இருந்தவர்களைவிட அவர்களின் பாலில் டையாக்சின் அதிகமாக இருந்தது. அது வந்த வழியாக அவர்கள் சந்தேகப்பட்டது எதை தெரியுமா? அந்தக் குப்பையில் மேய்கிற மாடுகளின் பாலை. குப்பை எரிகிறது, சாம்பல் விழுகிறது, மாடு மேய்கிறது, பால்காரர் வருகிறார், கர்ப்பிணிப் பெண்ணுக்கு "பால் நல்லாக் குடிம்மா" என்று டம்ளரில் கொடுக்கிறோம். அந்த டம்ளரில் எங்கே லேபிள் ஒட்டுவது?

பெருங்குடி தெற்கே, நாங்க வடக்கே. ஆனால் எங்க தெருமுனையில் செம்புக் கம்பிக்காக ஒயரை எரிக்கிறதை நான் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். கறுப்புப் புகை, காரமான வாசனை. அம்மா ஜன்னலைச் சாத்துவார், அவ்வளவுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கசிந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிக்கு வந்ததே, அப்போது மீனவர்கள் வாளியும் மக்கும் வைத்து எண்ணெயை மொண்டதை நீங்க டிவியில் பார்த்திருப்பீங்க. எங்க பெரியப்பாவும் போனார். கையில் பட்ட கறை ஒரு வாரம் போகவில்லை. கச்சா எண்ணெயில் இருக்கும் சில பொருள்கள், டையாக்சின் செல்லுக்குள் எந்தக் கதவைத் தட்டுமோ அதே கதவைத் தட்டும். 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் எண்ணெய் கொட்டிய பிறகு நடந்த ஆய்வுகளில், மீன் முட்டைக்குள் இருக்கும் கருவின் இதயம் பாதிக்கப்படுவது தெரிந்தது.

காட்டுப்பள்ளிக் குழந்தைகளுக்கு இதனால் குறை வந்தது என்று நான் எழுதவில்லை. எந்த ஊரிலும் நூறு குழந்தைகளில் ரெண்டு மூணு பேர் ஏதாவது ஒரு பிறவிக் குறையோடு பிறக்கிறார்கள். நிறையப் பேருக்குக் காரணமே தெரியாது. எங்க ஊரில் யாராவது அப்படிப் பிறந்தால் அம்மாவைத்தான் கேட்பார்கள், கிரகணத்தில் வெளியே போனியா, பப்பாளி சாப்பிட்டியா என்று. அக்காவிடமும் யாராவது அப்படிக் கேட்டிருப்பார்கள். என்னை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

என் ஃபைனல் இயர் புராஜெக்ட் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. ஆற்றிலோ ஏரியிலோ விடுகிற தண்ணீருக்கான வரம்பு எனக்கு மனப்பாடம்: பி.ஓ.டி. 30, சி.ஓ.டி. 250, எண்ணெயும் கிரீஸும் 10, எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில். அந்த அட்டவணை அவசியமானது, அதுகூட இல்லாத காலத்தை நினைத்துப் பாருங்க. ஆனால் அது ஒவ்வொரு வரியாக எழுதினது. இந்தப் பொருள் இவ்வளவு, அந்தப் பொருள் அவ்வளவு. ரெண்டும் சேர்ந்தால் கருவுக்கு என்ன ஆகும் என்று கேட்கிற வரி அதில் கிடையாது. கருவின் இருபதாம் நாளுக்கு என்று ஒரு காலமும் கிடையாது. வயசுக்கு வந்த ஆளைத் தாங்க வைக்கிற அளவும், மூணு வாரக் கருவின் முகவரியைக் கெடுக்கிற அளவும் ஒண்ணாக இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். ஷிப்ட் முடித்து வந்து தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். "எங்க லாக் ஷீட்ல நாலு காலம் இருக்கும்மா. மணிக்கு ஒருவாட்டி அந்த நாலு நம்பர் எழுதணும். அஞ்சாவதா ஒண்ணு இருந்தா அதையும் எழுதுவோம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ போய் உக்காந்து அஞ்சாவது காலம் போடு" என்றார். கிண்டலா நிஜமா என்று தெரியலை. எனக்குக் கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு ஆலையில் டிரெய்னியாக வேலை கிடைத்திருக்கு. ஜூலையில் சேரணும். டிரெய்னிக்குக் காலம் போடுகிற அதிகாரம் எல்லாம் இருக்காது. ஆனால் எழுதுகிற நாலு நம்பரை நிஜமாக எழுதுகிற அதிகாரம் இருக்கு, இது எதற்கு என்று கேட்கிற வாயும் இருக்கு.

உங்க மேஜை மேல் இருக்கிறது

இப்போ நீங்க எடுத்து வெளியே வைத்த அட்டைக்கு வருவோம்.

டாக்டர் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தால் பயந்து நிறுத்தாதீங்க, அவரிடம் கேளுங்க. நல்ல மருந்துதான், என் முகமே சாட்சி. ஆனா யாருக்கும் கொடுக்காதீங்க. ரூம்மேட்டுக்கு, அக்காவுக்கு, கேர்ள் ஃப்ரெண்டுக்கு, யாருக்கும். பசங்க கவனிங்க, "பொண்ணுங்க மேட்டர்" என்று ஸ்க்ரோல் பண்ணாதீங்க. வீட்டில் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறது பாதி நேரம் நீங்கதான். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே போன் பண்ணி அந்த ஒரு மாதக் கணக்கைச் சொல்லுங்க. இதே குடும்பத்தில் அசிட்ரெட்டின் என்று ஒரு மருந்து இருக்கு, சொரியாசிஸுக்குத் தருவார்கள். அதற்குக் கணக்கு மாதத்தில் இல்லை, மூணு வருஷம்.

அப்புறம், இதைப் படிச்சுட்டு வீட்டில் முருங்கைக்கீரையை நிறுத்திடாதீங்க. கீரையிலும் கேரட்டிலும் இருப்பதை உடம்பு தனக்கு வேண்டிய அளவுதான் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும். கர்ப்பமாக இருப்பவர்கள் டாக்டர் சொல்லாமல் வைட்டமின் ஏ மாத்திரை போடுவதுதான் கூடாது.

அக்கா அந்த அட்டையை அப்பா கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள். ஒரே ஒரு மாத்திரை மிச்சம் இருக்கிற அட்டை. ஒரு துண்டுத் தாளில் தமிழில் பெரிசாக எழுதி அதன் மேல் ஒட்டினேன்: "வயிற்றில் பிள்ளை இருந்தாலும், ஒரு மாதத்தில் வரலாம் என்றாலும் தொடாதே. யாருக்கும் கொடுக்காதே." ஆகஸ்டில் எழுதியிருக்க வேண்டியது.

அது இன்னும் என் டிராயரில்தான் இருக்கு. தூக்கிப் போடலாம்னு ரெண்டு தடவை எடுத்தேன். டாய்லெட்டில் போட்டால் சாக்கடை, சாக்கடை போய்ச் சேருவது கழி. குப்பையில் போட்டால் யாராவது எரிப்பார்கள். நாலு வருஷம் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்த எனக்கு ஒரு மாத்திரையை எங்கே போடுவது என்று தெரியலை. தெரிந்தவங்க இருந்தால் வளைகாப்புக்கு முன்னாடி சொல்லுங்க. வீடு முழுக்கச் சொந்தக்காரங்க வருவாங்க, அதில் யாருக்காவது பரு இருக்கும்.